கீறல் விழாத கண்ணாடி

கீறல் விழாத மூக்குக்கண்ணாடிக்கு மங்கலம் பரிசு கொடுப்பாள். ஓண விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் வருகிற முதல் சனிக்கிழமை, கல்லாற்றுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில் அது நடக்கும். முந்தைய வருஷங்களில் கண்ணாடி வாங்கிய பிள்ளைகள் வரிசையாக வந்து, மூக்கிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் நீட்டுவார்கள். மங்கலம் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முறத்தில் அரிசியைப் பரத்திக் கல் தேடுகிறவளின் பார்வை அது. ஒரு கோடு கண்டால் உதடு ஒரு பக்கமாகப் போகும். ஒன்றும் காணாவிட்டால், "கொள்ளாம் மக்களே" என்பாள், நன்றாயிருக்கிறது பிள்ளை என்று. அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருந்தார்கள்.

பரிசு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவள் கணவர் கோலப்பன் நடத்தும் பாத்திரக் கடையிலிருந்து வரும் எவர்சில்வர் அடுக்குத் தூக்கு. இரண்டு வருஷமாக அது ஒரே வீட்டுக்குத்தான் போயிருந்தது. ஆற்றங்கரையில் சாயாக் கடை வைத்திருக்கும் ரேஷ்மியின் மகள் அஸ்வதியின் வீட்டுக்கு.

மங்கலம் பிறந்தது சுசீந்திரம் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, சூப்பரின்டென்டாக ஓய்வு பெற்றவள். கரமனையில் வீடு. அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். அங்கே எதுவும் பழசாவதில்லை. டி.வி. ரிமோட் வாங்கிய நாளில் போட்ட பாலிதீன் உறைக்குள்ளேயே இருக்கும். சோபாவுக்கு மேல் ஒரு துணி, அந்தத் துணி அழுக்காகாமலிருக்க அதற்கு மேல் இன்னொரு துணி. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி பரணில் பத்திரமாக இருக்கிறது. மிக்ஸிதான் இரண்டு தடவை மாறிவிட்டது. கோலப்பன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். "நம்ம வீட்டுல சாமானுக்கெல்லாம் ஆயுசு கெட்டி. மனுசன்தான் தேஞ்சு போறான்."

ஓய்வு பெற்ற வருஷம் ஆபீஸ் சிநேகிதிகளோடு பொன்முடிக்குப் போகிற வழியில் கல்லாற்றில் சாயா குடிக்க இறங்கினார்கள். மிச்சச் சில்லறை கொடுத்த ஒரு சின்னப் பெண், ஒவ்வொரு நாணயத்தையும் மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கையில் வைத்தாள். அவள் பெயர் ஸ்ரீப்ரியா, ரேஷ்மியின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரனின் மகள். மங்கலத்துக்கு அன்று பொன்முடி பிடிக்கவில்லை. மூடுபனிக்குள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கையில், அவள் அந்த மூக்கு நுனியையே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான், மாமியார் சிவகாமியம்மாள் பெயரில், பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுக்கும் அந்தச் சின்ன நிதி ஆரம்பமாயிற்று. சாலை வியாபாரிகள் கொஞ்சம் கொடுத்தார்கள். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அவள் தம்பி மகன் உமாசங்கர், கூட வேலை செய்கிறவர்களைச் சேர்த்து மாதாமாதம் ஒரு தொகை வரும்படி செய்தான். கிழக்கேகோட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் வருஷத்துக்கு ஒரு நாள் ஆளும் கருவியும் அனுப்பினார். அவர்கள் வந்து புதுப் பிள்ளைகளைச் சோதிப்பார்கள். பழைய பிள்ளைகளின் கண்ணாடியை மங்கலமே சோதிப்பாள்.

முதல் கண்ணாடி ஸ்ரீப்ரியாவுக்குத்தான் கொடுத்தது. அடுத்த வருஷம் அவள் கொண்டுவந்து நீட்டியபோது ஒரு கால் ஒடிந்து கறுப்பு நூலால் கட்டியிருந்தது. சில்லு இரண்டிலும் மணலில் உரசியதுபோலக் கோடுகள்.  பிள்ளைகள், அம்மாமார், டீச்சர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மங்கலம் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் அந்தப் பெண்ணை ஒரு பிடி பிடித்தாள். யாரோ ஒருத்தர் வயிற்றைக் கட்டிக் கொடுத்த காசு இது, பேணத் தெரியாதவளுக்கு அடுத்தது எதற்கு என்று கேட்டாள். கடைசியில் புதுசும் கொடுத்தாள். அது அவள் குணம். ஆனால் பேச்சுதான் எல்லோர் காதிலும் நின்றது. அன்று மத்தியானமே பரிசை அறிவித்தாள். பஸ்ஸில் திரும்புகையில், தன் வாழ்க்கையில் இதுவரை தோன்றிய யோசனைகளில் இதுதான் ஆக நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

அது பலித்தது. மறுவருஷம் கீறல் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் ஸ்ரீப்ரியாவைத் தவிர யார் கண்ணாடியிலும் கீறலே இல்லை. கழக்கூட்டத்து இளைஞர்கள் அடித்துக் கொடுத்த நிதியின் காலண்டரில் அஸ்வதியின் படம் வந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு, மூக்கின் மேல் பளபளவென்று மின்னும் கண்ணாடி.

இந்த வருஷம் டாக்டர் சுப்ரியா கூட வந்தாள். கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் வளர்ந்தவள். அவள் அம்மா ஜெயலக்ஷ்மி மங்கலத்தோடு ஒரே ஆபீசில் இருந்தவள். கண் மருத்துவம் படித்து, கிழக்கேகோட்டையில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருந்தாள். புதுப் பிள்ளைகளைப் பார்த்து முடித்ததும், பழையவர்களையும் பார்த்துவிடலாமே என்றாள். நேரமாகும் என்று மங்கலத்துக்குக் கொஞ்சம் கசப்பு. பத்திரிகைத் தாளில் பொதிந்த அடுக்குத் தூக்கு மேஜையில் இருந்தது. யாருக்கு அது போகும் என்று அவள் ஏற்கெனவே பார்த்து முடிவு செய்துவிட்டாள். சரி, அஸ்வதியிடமிருந்தே ஆரம்பி என்று சொன்னாள். தன் பெருமையை டாக்டர் முதலில் பார்க்கட்டும் என்றுதான்.

சுப்ரியா அந்தக் கண்ணாடியைக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். அது முகத்துக்குச் சின்னதாக இருந்தது. கால்கள் காதுக்குப் பின்னால் எட்டாமல் நெற்றிப்பொட்டில் அழுத்தின. அவள் கண்ணாடியைக் கழற்றி, கட்டை விரலால் குழந்தையின் மூக்குத் தண்டை மெதுவாகத் தடவினாள். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். எதையோ தேடுவதுபோல் இருந்தது.

பிறகு மறுபடி கண்ணாடியைப் போட்டு, இடது கண்ணை அட்டையால் மறைத்தாள். சுவரில் மாட்டிய பலகையின் கடைசி வரிவரை அஸ்வதி கடகடவென்று வாசித்தாள். வலது கண்ணை மறைத்தாள். குழந்தை பேசாமல் நின்றது. வாசி என்று டீச்சர் ஜெயஷீலா மலையாளத்தில் சொல்லிக் கொடுத்தாள். குழந்தையின் தலை மெல்ல நகர்ந்தது. அட்டையின் ஓரத்தைத் தாண்டி நல்ல கண்ணால் எட்டிப் பார்க்கப் பார்த்தது. சுப்ரியா அட்டையை நகர்த்தினாள். தலையும் நகர்ந்தது. ஒரு விளையாட்டுப்போல அது கொஞ்ச நேரம் நடந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சுப்ரியா சிரிக்கவில்லை. இரண்டு விரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். இன்னும் முன்னால். விரல் முகத்தில் இடிக்கும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அஸ்வதி ரெண்டு என்றாள்.

"மாமி, செத்த இங்க வாங்கோ" என்று சுப்ரியா கூப்பிட்டாள். "இவளுக்கு எப்போ கண்ணாடி கொடுத்தேள்?"

"மூணு வருசமாச்சு. நீயே பாரேன், இப்ப வாங்கினது மாதிரி வச்சிருக்கா."

"அதைப் பாத்துத்தான் மாமி எனக்குத் திக்குனு ஆயிடுத்து." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கண்ணாடி போடற குழந்தைக்கு மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். இவ மூக்கு வழவழன்னு இருக்கு. இவ இதைப் போட்டுக்கவே இல்லை."

மங்கலத்துக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. போடாமல் எப்படி, அதற்குத்தானே கொடுத்தது என்று கேட்டாள். சுப்ரியா நிதானமாகச் சொன்னாள். பிறவியிலேயே அஸ்வதியின் ஒரு கண் சரி, மற்றதில் பவர் மிக அதிகம். மூளை தெளிவாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவைத்துவிடும். ஆறு வயதில் கண்ணாடி போட்டிருந்தால் அந்தக் கண்ணும் பார்க்கப் பழகியிருக்கும். கண்ணில் வேறு கோளாறு இல்லை, அது பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கற்றுக்கொள்ளும் வயது ஒன்று உண்டு, அது போய்க்கொண்டிருக்கிறது. இனிக் கண்ணாடி மட்டும் போதாது. நல்ல கண்ணைத் தினமும் மூடி வைத்து, மற்றதை வேலை செய்ய வைக்க வேண்டும். வரலாம். கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம்.

மங்கலம் குழந்தையின் முன்னால் குனிந்தாள். மக்களே, நீ இதை எப்பவாவது போடுவாயா என்று மலையாளத்தில் கேட்டாள். அஸ்வதிக்கு அது பரிசுக்கான கேள்வி என்று பட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். கண்ணாடி அதன் கூட்டுக்குள் இருக்கும். கூட்டை அம்மாவின் பழைய பட்டுத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்போம். சேச்சி நீங்கள் வருகிற நாள் காலையில்தான் அம்மா வெளியே எடுத்து, ஊதித் துடைத்து, மாட்டிவிடுவாள். நடுவில் நான் தொடவே மாட்டேன். சொல்லிவிட்டு மேஜையிலிருந்த பத்திரிகைப் பொதியைப் பார்த்தாள்.

மங்கலம் நிமிர்ந்தாள். கூடத்தில் நின்றிருந்த மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். எல்லா மூக்கிலும் பளிச்சென்று கண்ணாடி. எல்லாம் முகத்துக்குச் சின்னது. இத்தனை வருஷமாக அவள் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கழற்றிக் கொடுத்த முகத்தை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

சுப்ரியா ஒவ்வொரு பிள்ளையின் மூக்கையும் தொட்டுக்கொண்டே போனாள். ஜெயஷீலா, கண்ணாடி போடாதவர்கள் கை தூக்குங்கள், திட்ட மாட்டார்கள், உள்ளதைச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு கை உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். கடைசி வரிசையில் ஸ்ரீப்ரியா மட்டும் கையைத் தூக்கவில்லை. மறுபடியும் ஒடிந்து நூல் கட்டிய கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். சுப்ரியா அதைப் போடச்சொல்லி, அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்திச் சோதித்தாள். இரண்டு கண்ணும் கடைசி வரிவரை வாசித்தன. மூக்கில் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம்.

அன்று பரிசு கொடுக்கவில்லை. ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அஸ்வதிக்கு மட்டும் ஏதோ புரிந்தது, அதுவும் தப்பாக. எங்கோ ஒரு கீறல் இருந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று அவள் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கலம் பிடிப்பதுபோலவே, அதே சாய்வில்.

*

ரேஷ்மி அடுப்பிலிருந்து மரச்சீனிக் கிழங்கை இறக்கிக்கொண்டிருந்தாள். பொன்முடிக்குப் போகிற பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்து செல்ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் பின்னால் ஆறு கல்லில் அடித்துக்கொண்டு ஓடியது. சுப்ரியா சொன்னதை மங்கலம் சொன்னாள். அவளுடைய மலையாளம் அலுவலக மலையாளம். இந்த மாதிரி ஒரு விஷயத்துக்கு அதில் சொற்கள் இல்லை. இடையிடையே தமிழில் விழுந்தாள்.

ரேஷ்மி கையைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று மங்கலம் எதிர்பார்த்து நின்றாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரேஷ்மி இரண்டு கையையும் கூப்பினாள்.

"க்ஷமிக்கணும் சேச்சி" என்றாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்டாள், மங்கலத்திடம்.

பிறகு கொட்டிவிட்டாள். கண்ணாடி கிடைத்த முதல் மாதம் அஸ்வதி கழற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தாளாம். ஆற்றங்கரைக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டாளாம். ஸ்ரீப்ரியாவை எல்லோர் முன்னாலும் வைத்துச் சேச்சி பேசியதை நினைத்து ரேஷ்மிக்குக் குலை நடுங்கியதாம். ஒடிந்தால் இனிக் கண்ணாடியும் இல்லை, மானமும் போயிற்று. விறகுக் கட்டையை எடுத்து மகளை அடித்தாளாம். அதற்குப் பிறகு பிள்ளை கேட்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து எல்லாம் தெரிகிறது அம்மா, கண்ணாடி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். எல்லாம் தெரிகிறவளுக்கு எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன் என்றாள் ரேஷ்மி. பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்க வந்த வேறு ஆட்களும், கண்ணாடி உண்டா, உண்டு, சரி என்று அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்களாம்.

கிழங்குப் பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பயணி இன்னொரு சாயா கேட்டான். ரேஷ்மி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். பாதி சாயா தட்டில் சிந்தியிருந்தது.

"அந்தக் கண்ணு திரும்ப வருமா சேச்சி?" என்று கேட்டாள்.

மங்கலம் பார்வையைத் திருப்பினாள்.  தூக்குப் பாத்திரங்கள் இரண்டும் கடையின் பின்சுவரில் ஆணியில் தொங்குவதை அப்போதுதான் பார்த்தாள். அவற்றையும் யாரும் உபயோகிக்கவில்லை. ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூட அப்படியே இருந்தது.

*

கரமனை வீட்டில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கோலப்பன் கடை அடைத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்து முழுசையும் கேட்டார். கேட்டுவிட்டு, கடைக்காரருக்கே உரிய முறையில் நஷ்டத்தையும் லாபத்தையும் எதிரெதிரே வைக்கப் பார்த்தார். நீ கொடுத்ததால்தான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணாடியாவது இருந்தது, கொடுக்காமலிருந்தால் அதுவும் இல்லை, நல்லது நினைத்துச் செய்ததற்கு யார் குற்றம் சொல்ல முடியும் என்றார்.

"கொடுக்காம இருந்தா வேற யாராவது பாத்திருப்பா, கேட்டியளா" என்றாள் மங்கலம். "கண்ணாடி உண்டுன்னுதானே எல்லாரும் சும்மா இருந்தோம். நாந்தானே அந்தக் கண்ணை மூடி வச்சிருந்தேன்."

 கோலப்பன் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவளுக்கு அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து அவள் பார்த்ததில்லை.

உமாசங்கர் போனில் பதறினான். "அத்தை, இத குரூப்புல போடாண்டாம். நாம கண்ணாடி கொடுத்தோம், அவங்க போடல. அவ்வளவுதான சங்கதி? காலண்டர்ல வேற அந்தக் கொச்சுப்பிள்ளை இருக்கு."

அவ்வளவுதான் சங்கதி இல்லை என்று மங்கலம் சொன்னாள். பணம் கொடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளே தட்டித் தட்டித் தமிழில் எழுதினாள். பரிசு வைத்தது நான், திட்டியது நான், பிள்ளைகள் யாரும் கண்ணாடி போடவில்லை, ஒரு பிள்ளைக்கு ஒரு கண் போய்விடும்போல் இருக்கிறது என்று. அனுப்பியவுடன் படிக்காமலே இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிறகு படித்தவர்கள் ஒன்றும் எழுதவில்லை. வெகு நேரம் கழித்து ஒருவன், அந்த போட்டோவை மட்டும் மாற்றிவிடலாம் ஆன்ட்டி என்று எழுதினான். மங்கலம் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒரு வாரத்துக்கு முன்பு வரை தானும் அதைத்தான் எழுதியிருப்போம் என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளை அந்த வரியைவிட அதிகமாக உலுக்கியது.

*

அடுத்த சனிக்கிழமை தாய் தகப்பன்மாரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி மறுபடி மேலே போனாள். சுப்ரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் புதிதாகப் பவர் பார்த்து, முகத்துக்குச் சரியான கண்ணாடி செய்து அனுப்பியிருந்தாள். அஸ்வதியைத் தவிர மற்றவர்களின் கண் தப்பித்தது, கண்ணாடி போட்டால் போதும் என்று சொல்லியிருந்தாள். மங்கலம் கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். இனிப் பரிசு கிடையாது. தூங்கும்போது தவிர எப்போதும் கண்ணாடி போட வேண்டும். விழட்டும், உடையட்டும், ஆற்றில் போகட்டும், வேறு தருவேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அழகாக, ஒரே மாதிரி. மங்கலம் ஆபீசில் பல வருஷம் இருந்தவள். அந்தத் தலையாட்டலை அவளுக்குத் தெரியும். மேலதிகாரி வந்து, மனசுவிட்டுக் குறைகளைச் சொல்லுங்கள் என்கிறபோது எல்லோரும் ஆட்டுகிற தலை அது.

ஜெயஷீலா அவளை ஓரமாக அழைத்தாள். பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும். "அவங்க நம்பல்ல சேச்சி. சேச்சி சோதிச்சுப் பாக்குதுன்னு நெனைக்காங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் திரும்பப் பெட்டிக்குள்ள வைப்பாங்க."

அப்படியானால் அதிகமாகக் கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பரிசு என்று சொல்லிவிடட்டுமா என்று மங்கலம் கேட்டாள்.

"அடுத்த வருசம் எல்லாரும் அம்மியில உரச்சுக் கொண்டாந்து தருவாங்க, அவ்வளவுதான்."

மங்கலத்துக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. கொடுக்கிற கை எதைக் காட்டினாலும் வாங்குகிறவர்கள் அதைத்தான் செய்து காட்டுவார்கள். இத்தனை வயதுக்கு மேல் அது ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் புரிந்தது.

அவள் மறுபடி உள்ளே போனாள். ஸ்ரீப்ரியாவை முன்னால் வரச்சொன்னாள். அந்தப் பெண் வழக்கமான திட்டு என்று நினைத்து, தலையைக் குனிந்து, திட்டு வாங்குவதற்கு வசதியாக நின்றாள். மங்கலம் எல்லோர் முன்னாலும் அவளிடம், இதே இடத்தில் வைத்து நான் உன்னைப் பேசியது தப்பு, நீ செய்ததுதான் சரி, நீ எனக்கு மாப்புத் தர வேண்டும் என்றாள்.  கூடத்தில் தலையாட்டல் நின்றது. அம்மாமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடுக்க வருகிறவர்கள் புத்தி சொல்லி அவர்கள் கேட்டிருக்கிறார்கள், போட்டோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததில்லை.

 அப்போ அந்தத் தூக்குப் பாத்திரம் எனக்கா என்று ஸ்ரீப்ரியா கேட்டாள். யாருக்கும் இல்லை என்றாள் மங்கலம். இது நல்ல கதையாப் போச்சே என்று அவள் மலையாளத்தில் முணுமுணுத்ததில் கூடமே சிரித்துவிட்டது.

அன்று மத்தியானம் ஆற்றங்கரையில் பிள்ளைகள் கண்ணாடியோடு விளையாடினார்கள். புதுக் கண்ணாடி ஒன்று கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரில் போயிற்று. ஒரு அம்மாவின் கை ஓங்கியது. பிறகு அவள் மங்கலத்தைப் பார்த்தாள். கை அப்படியே கொஞ்சம் நின்று, தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு இறங்கியது. மங்கலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அஸ்வதி விளையாடவில்லை. கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடியைப் பாவாடை நுனியால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கண்ணை மூடுகிற வேலை அவளுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதைக் கிளினிக்கில் வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்று சுப்ரியா சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ரேஷ்மி ஒப்புக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை மங்கலம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, சுப்ரியாவின் கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். காத்திருக்கும் கூடம் நீளமானது. அதன் மறுகோடியில் ஜன்னலோரமாக ரேஷ்மியும் அஸ்வதியும் உட்கார்ந்திருந்தார்கள். ரேஷ்மி எதற்கோ கைப்பையில் தேடிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வலது கண்ணில் தோல் நிறத்தில் ஒட்டுத்துணி ஒட்டியிருந்தது. அதன் மேல் கண்ணாடி. திறந்திருந்த இடது கண் மங்கலம் நின்ற வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மங்கலம் கையை ஆட்டினாள். அஸ்வதி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமாக இருக்கிறாள் என்று மங்கலம் முதலில் நினைத்தாள். கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தக் கண் அவளோடு கூடவே நகர்ந்தது, ஆனால் முகம் மாறவில்லை. அதில் கோபம் இல்லை, பயம் இல்லை, பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரைப் பார்க்கிற ஒரு மரியாதைதான் இருந்தது.

"ஆரா அம்மே அது?" என்று குழந்தை கேட்டது. யாரோ வருகிறார்கள், யாரம்மா என்று.

ரேஷ்மி நிமிர்ந்து பார்த்துப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். மங்கலம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.  அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று அவள் அறிய வேண்டியிருந்தது. பேசாமல் கிட்டே வந்தாள். முகம் மாறவில்லை. இன்னும் கிட்டே. முகம் மாறவில்லை. எதிர்ப் பெஞ்சுக்கும் அவர்கள் பெஞ்சுக்கும் நடுவிலிருந்த இடத்தில் வந்து நின்றாள். குழந்தையின் கண் அவளுடைய சேலையில், தோளில், முகத்தில் எங்கெங்கோ தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. மங்கலம் முழங்காலை மடக்கி, தரையில் ஒரு கையை ஊன்றி, அஸ்வதியின் முன்னால் உட்கார்ந்தாள். முகத்தை நீட்டினாள். குழந்தையின் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

அப்போதுதான் அந்தக் கண்ணில் ஏதோ ஒன்று வந்து நின்றது. மெதுவாக, தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல.

"சேச்சி" என்று அஸ்வதி சிரித்தாள்.

 ரேஷ்மி பக்கத்தில் இறங்கி உட்கார்ந்து மங்கலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த சுப்ரியா கதவில் கை வைத்தபடி அப்படியே நின்றாள். தரைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் அவர்கள் மூவரும் முகத்தோடு முகம் வைத்திருந்தார்கள். குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டு, இவ்வளவு கிட்டே யாரும் வந்து பார்க்காத மங்கலத்தின் முகத்தை, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.